புள்ளிக்கு வெளியே

கானாடுகாத்தானுக்கு அருகே ஓர் ஊர். பெயர் வேண்டாம், செட்டிநாட்டின் எந்த ஊருக்கும் அது பொருந்தும். தெருவின் நடுவில் நின்று, அங்கே ஒரு பெரிய வீட்டைக் காவல் பார்க்கும் முதியவரிடம் கேட்டேன். “ஐயா, இந்தத் தெருவுல எத்தன வீட்டுல ஆளு இருக்காக?” அவர் தெருவின் இரு முனைகளையும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார். “யாருமே இல்ல தம்பி. கலியாணம், படைப்புன்னா வருவாக. மத்த நாள்ல ஈ காக்கா கெடையாது.”

அவர் இதைச் சொன்னபோது முகப்புத் திண்ணையில் அவருடைய பேரப்பிள்ளைகள் இருவர் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். மருமகள் ஊருணியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். பின்கட்டில் அவருடைய மனைவி விறகு பிளக்கும் ஓசை கேட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் குடும்பம் அங்கேதான் வாழ்கிறது. அந்தத் தெருவில் பிறந்த கடைசிக் குழந்தைகள் அந்த வீட்டுக் குழந்தைகள்தாம். ஆனால் “யாருமே இல்ல.” அவர் பொய் சொல்லவில்லை. அவர் அறிந்த கணக்கில் அவரே வரமாட்டார்.

இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

நகரத்தார் சமூகத்தில் ‘புள்ளி’ என்றொரு சொல் உண்டு. திருமணமான ஆண், தன் மனைவியோடு சேர்ந்து, ஒரு புள்ளி. இளையாற்றங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரையிலான ஒன்பது கோயில்களில் அவர் எதைச் சேர்ந்தவரோ அந்தக் கோயிலின் ஏட்டில் அவர் பெயர் ஏறும். கோயிலிலிருந்து மாலை வந்தால்தான் திருமணம் முழுமை பெறும். கோயில் வரியும் ஊர்ப்பொதுச் செலவும் புள்ளிக்கு இவ்வளவு என்று பிரியும். சிகாகோவில் பிறந்து வளர்ந்த பையன் அங்கேயே வேலை பார்த்தாலும், மணமாகும்போது இங்கே ஓர் ஊரின் ஏட்டில் ஒரு புள்ளி கூடும். அரசின் மக்கள்தொகைக் கணக்கு 1871-72இல் தொடங்கியது. அதன் உதவி எதுவும் இல்லாமலேயே தன் மக்களைத் தானே எண்ணிக்கொண்ட சமூகம் இது. வணிகக் கூட்டத்தின் ஒழுங்கு அதில் தெரிகிறது. நான் அதை மதிக்கிறேன். நம் மொழியில் புள்ளிவிவரம் என்ற சொல் புழங்குவதற்கு முன்பே ‘புள்ளி’யை வைத்துக் கணக்கு எழுதியவர்கள் அவர்கள்.

எனக்கு மறுப்பு இருப்பது அந்த ஏட்டின்மேல் அன்று. அந்த ஏட்டை ஒரு நிலப்பரப்பின் மக்கள்தொகைக் கணக்காக நாம் எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டோமே, அதன்மேல்தான். புள்ளியாக இருப்பவர் ஊரில் இல்லாவிட்டாலும் ஊர் அவருடையது. புள்ளியாக இல்லாதவர் ஊரிலேயே இருந்தாலும் ஊரில் யாருமில்லை. செட்டிநாடு என்ற பெயரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் நாம் இந்தக் கணக்கைத்தான் ஒப்பிக்கிறோம்.

‘நாடு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இந்தப் பகுதியில் நாடு என்பது பல ஊர்கள் சேர்ந்த ஒரு பழைய அமைப்பு. அதற்கென்று அம்பலக்காரர்கள், கோயில் மரியாதைகள், எல்லைகள் உண்டு. தேவகோட்டைக்கு அருகே கண்டதேவி சொர்ணமூர்த்தீசுவரர் கோயில் தேரை இழுக்கும் உரிமை உஞ்சனை, செம்பொன்மாரி, இரவுசேரி, தென்னிலை ஆகிய நான்கு நாடுகளுக்கு உரியது என்பார்கள். காரைக்குடியைச் சுற்றியுள்ளது பாலைய நாடு. இவை எவற்றுக்கும் நகரத்தார் நாட்டார்கள் அல்லர். அவர்கள் நகரத்தார், பெயரே சொல்கிறது. 96 ஊர்களில் குடியேறி, இன்று எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் வீடு வைத்திருப்பவர்கள். சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரண்டு மாவட்டங்களில் அந்த ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. அந்த ஊர்களுக்கு நடுவே கள்ளர், வல்லம்பர், அகமுடையார், மறவர், வலையர், கோனார், உடையார், தேவேந்திரர், பறையர், அருந்ததியர், ஆசாரிகள், வேளார், இராவுத்தர், கிறித்தவர் என்று மற்ற எல்லோரும் வாழ்கிறார்கள். எத்தனை பேர், எந்த ஊரில் எவ்வளவு என்று கேட்டால் அவரவர் சாதிச் சங்கம் ஒரு கணக்குச் சொல்லும். எல்லாச் சங்கங்களின் கணக்கையும் கூட்டினால் மாவட்டத்தின் மக்கள்தொகை சில மடங்காகிவிடும்.

செட்டிநாடு என்ற பெயரில் இங்கே அரசாட்சி எதுவும் இருந்ததில்லை. இது சிவகங்கைச் சீமையாகவும் பின்னர் சமீனாகவும் இராமநாதபுரம் மாவட்டமாகவும் இருந்து, 1985இல் தனி மாவட்டமானது. அண்ணாமலை செட்டியாருக்கு ஆங்கில அரசு 1929இல் ‘செட்டிநாட்டு ராஜா’ என்ற பரம்பரைப் பட்டத்தைக் கொடுத்தது. பிறகு பெயர் சிமெண்டுக்கும் கோழிக்குழம்புக்கும் போயிற்று. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இந்தப் பகுதி இடம்பெற்றபோது அதற்கு வைத்த தலைப்பு, தமிழ் வணிகர்களின் ஊர்த்தொகுதிகள் என்பது. வணிகர்களின் ஊர்கள்! ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றித் தரைக்கல் வார்ப்பவர்கள், நிலைக்கதவில் கசலட்சுமியைச் செதுக்கிய ஆசாரிகள், சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் அரைத்துச் சுவரைக் கண்ணாடியாக்கிய கொத்தர்கள், சிற்றாள்களாகச் செங்கல் சுமந்த பெண்கள் ஆகியோரை வரைபடத்துக்கு வெளியே நிறுத்திய தலைப்பு அது. கட்டிய கைகள் ஊரில் இருக்கின்றன. ஊர் அவர்கள் பெயரில் இல்லை.

அரசின் கணக்கு இதைத் திருத்துமா? திருத்தவில்லை.

2011 கணக்கெடுப்பின்படி சிவகங்கை மாவட்டத்தின் மக்கள்தொகை 13,39,101. காரைக்குடி நகராட்சியில் 1,06,714 பேர். மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 17 விழுக்காடு. பழங்குடியினர் ஒரு விழுக்காட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மதக்கணக்கு நகரம் வரை கிடைக்கும். பட்டியல் சாதியினர் எண்ணிக்கை சிற்றூர் வரை, நகரத்தில் வார்டு வரை கிடைக்கும். இதற்குமேல் ஏடு மூடிக்கொள்கிறது. எஞ்சிய எண்பத்து மூன்று விழுக்காட்டினர் யார் என்று கேட்டால் அவர்கள் ‘பிறர்’. மாளிகையின் உரிமையாளர், அதன் காவலாளி, அதற்கு எதிரே பால் கறப்பவர், அந்தத் தெருவுக்குப் பாத்தியதை கொண்டாடும் அம்பலம் எல்லோரும் ஒரே கட்டத்துக்குள் அடைபட்டிருக்கிறார்கள். சாதிவாரியாக முழுமையாக எண்ணி வெளியிடப்பட்ட கடைசி மக்கள்தொகைக் கணக்கு 1931இல் நடந்தது. 2024இல் கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளையும் சில ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு காரைக்குடி மாநகராட்சி ஆயிற்று. எந்த மக்களைச் சேர்த்து மாநகராட்சி செய்கிறோம் என்பதைச் சொல்லும் பொது ஏடு எதுவும் அன்று அரசின் கையில் இல்லை. வரி கட்டும் வீடுகள் எத்தனை என்று தெரியும். அவற்றில் பூட்டியவை எத்தனை, எந்தத் தெருவில் யார் நெருக்கியடித்து வாழ்கிறார்கள் என்பதை நகராட்சிப் பணியாளர் அறிவார்; கோப்பு அறியாது.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி என்றொரு நிர்வாகப் பகுதி இருக்கிறது. 88 நகரங்கள், ஒரு கோடி மக்கள். பத்தாண்டுக்கு ஒரு முறை அங்கே ஒவ்வொரு நகரிலும் வெள்ளையர் எத்தனை, கறுப்பர் எத்தனை, ஆசியர், ஸ்பானிய மரபினர் எத்தனை என்று நகரவாரியாகப் பட்டியல் வெளியாகும். மான்டெரி பார்க் 1990 கணக்கில் ஆசிய மரபினர் பெரும்பான்மையாக உள்ள நகரமாயிற்று. கறுப்பர் நகரம் என்று உலகமே பாட்டில் கேட்டறிந்த காம்ப்டனில் இன்று ஸ்பானிய மரபினரே பெரும்பான்மையினர். புகழ் ஒருவரிடமும் குடியிருப்பு வேறொருவரிடமும் இருக்கிறது. அந்த வேறுபாட்டை ஒரு பள்ளி மாணவன்கூட அட்டவணையைப் பார்த்துச் சொல்லிவிட முடியும். அமெரிக்கா நிறவெறியை வென்றுவிட்ட நாடு என்று நான் சொல்லவில்லை. எந்த வட்டாரத்துக்குக் கடன் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று 1930களில் வரைபடத்தில் சிவப்புக் கோடிட்ட நாடு அது. ஆனால் அந்தக் கோட்டின் விளைவை இன்று எண்ணால் நிறுவ முடிகிறது. நம் ஊரில் கோடு மண்ணில் இருக்கிறது. ஊருணியின் எந்தப் படித்துறையில் யார் இறங்கலாம் என்பதில் இருக்கிறது. அதைக் காட்டும் அட்டவணை மட்டும் இல்லை.

இனி 1931ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அந்த ஆண்டு எனக்கு முக்கியம், என் குடும்பத்தின் காரணமாகவும்.

நாங்கள் கோனார். என் தாத்தா பதினாறு வயதில் ஒரு செட்டியாரோடு கப்பலேறி ரங்கூன் போனவர். மொகல் தெருவில் ஒரு கிட்டங்கியில் எடுபிடி வேலை. 1931 பிப்ரவரியில் கணக்கெடுப்பு நடந்தபோது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ஆகவே ஒரே கணக்கெடுப்பு, ஜே. எச். ஹட்டன் என்ற ஒரே ஆணையர். ரங்கூன் நகரின் மக்கள்தொகை 4,00,415. அதில் இந்தியர் 2,12,929. பர்மாவின் தலைநகரில் பர்மியர் சிறுபான்மை! அந்த இரண்டு லட்சத்துச் சொச்சத்தில் என் தாத்தா ஒருவர். தமிழர், தெலுங்கர், வங்காளி என்று இனவாரியாகப் பிரித்து எழுதிய ஏட்டில் அவர் ஒரு கோடு. அவர் வாழ்நாளில் அவரை இன்னார் என்று குறித்து ஒரு நகரத்தின் கணக்கில் சேர்த்தது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன். ஊரில் அவர் இன்ன செட்டியாருடைய ஆள். அவ்வளவே.

அந்த எண் என்ன செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1929-30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு, பர்மாவில் 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகவும் அவற்றின் முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது. கடனைத் திருப்ப முடியாத உழவனின் நிலம் கடன் கொடுத்தவனிடம் வந்தது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம் 1938இல் 25 விழுக்காடாயிற்று. நிலம் வேண்டும் என்று வந்தவர்கள் அல்லர் அவர்கள். பணத்துக்குப் பதிலாக நிலம் வந்து சேர்ந்தது. பர்மிய உழவனுக்கு அந்த வேறுபாடு பொருளற்றது. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளருக்கும் பர்மியருக்கும் மூண்ட கலவரம், 1938 கலவரம், 1941 டிசம்பர் 23 அன்று விழுந்த சப்பானியக் குண்டுகள், அதன்பின் பல லட்சம் பேர் நடந்தே கடந்த மலைகள், 1962இல் நே வின் ஆட்சியும் அதைத் தொடர்ந்த தேசியமயமும் என்று கதை முடிந்தது. கடன் கொடுத்தவர் சிலர். ‘இந்தியர்’ என்ற எண்ணின் சுமையைத் தாங்கியவர்களோ துறைமுகக் கூலிகளும் கிட்டங்கி எடுபிடிகளும். என் தாத்தா 1942இல் நடந்து திரும்பினார். அவரோடு புறப்பட்ட தம்பி திரும்பவில்லை. காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. எங்கிருந்து துரத்தப்பட்டார்களோ அந்த இடத்தின் பெயரையே முகவரியாகக் கொண்டவர்கள் அங்கே வாழ்ந்தார்கள்.

ஆக, எண்ணிக்கை ஆபத்தானது என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் வீட்டுக் கதையே அதுதான்.

ஆனால் அதே ஆண்டுகளில் கடலுக்கு இப்பால் என்ன நடந்தது? அதை எழுதிவைத்தவரும் அதே ஹட்டன்தான். 1930 டிசம்பரில், இன்றைய சிவகங்கையை உள்ளடக்கியிருந்த இராமநாதபுரம் மாவட்டத்தில், கள்ளர் சமூகத்தின் ஒரு பகுதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்ததை அவர் இந்தியாவின் சாதிகளைப் பற்றிய தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். தங்கமும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது, சட்டை கூடாது. முடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. நிலம் வைத்திருக்கக் கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பவை புதிதாகச் சேர்ந்தன.

தேதிகளைப் பாருங்கள். பர்மாத் தேக்கு இறங்கி, இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியக் கண்ணாடியும் வந்து மாளிகைகள் எழுந்த தலைமுறையின் காலம் அது. ஒரே மாவட்டம். ஒரு தெருவில் வீட்டின் முகப்பு, மறுதெருவில் அதன் பின்கட்டு என்று நீண்ட வீடுகள். அவற்றுக்குச் சிறிது தொலைவில் செருப்பணிந்த குற்றத்துக்காக எரிந்த குடிசைகள். தடை விதித்தவர்கள் நகரத்தார் அல்லர். அதைத் தெளிவாகவே சொல்கிறேன். என் கேள்வி வேறு. ‘செட்டிநாட்டின் பொற்காலம்’ என்று நாம் எழுதும் பத்திகளில் இந்த எட்டுத் தடைகளை எத்தனை முறை எழுதியிருக்கிறோம்? ரங்கூன் ஏட்டின் புள்ளிவிவரம் ஆய்வாளர்களின் கட்டுரைகளில் ஓயாமல் வருகிறது. இராமநாதபுரத்து எட்டுத் தடை தலித் வரலாற்றாளர்களின் நூல்களில் மட்டும் வருகிறது. இரண்டும் ஒரே மண்ணின் வரலாறு என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

பழங்கதை என்பீர்கள். 1979இல் உஞ்சனையில் ஐந்து தலித்துகள் கொல்லப்பட்டார்கள். கண்டதேவித் தேரின் வடத்தைத் தாங்களும் பிடிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதிலிருந்து 1998 முதல் வழக்கும் காவலும் தடையுமாக அந்தத் தேர் பட்ட பாடு யாவரும் அறிந்தது. பல ஆண்டுகள் நின்றே போயிருந்த தேர் 2024 ஜூனில் பெரும் காவல் பந்தோபஸ்தோடு ஓடியது. வடத்தில் எத்தனை கை, யாருடைய கை என்பதே அங்கே வழக்கு. இந்த நாட்டில் சாதியை எண்ணக் கூடாது என்பவர்கள் கண்டதேவிக்கு வந்து பார்க்கட்டும். ஒவ்வொரு கையும் அங்கே எண்ணப்படுகிறது.

பர்மாவில் பணிபுரிந்த ஃபர்னிவால் என்ற ஆங்கில அதிகாரி, அந்த நாட்டைப் பார்த்துப் ‘பன்மைச் சமூகம்’ என்ற கருத்தை உருவாக்கினார். பல இனங்கள் ஒரே ஆட்சியின்கீழ் அடுத்தடுத்து வாழ்கின்றன. ஆனால் ஒன்று கலப்பதில்லை. வாங்கவும் விற்கவும் சந்தையில் மட்டுமே சந்திக்கின்றன என்பது அதன் சாரம். ரங்கூனுக்காகச் சொன்ன அந்த இலக்கணம் காரைக்குடிக்கு எவ்வளவு பொருந்துகிறது! வாரச் சந்தையில் எல்லோரும் எல்லோரையும் உரசிக்கொண்டு நடக்கிறோம். மாலையில் அவரவர் தெருவுக்குத் திரும்புகிறோம். பர்மாவுக்குப் போனவர்கள் அங்கிருந்து அந்த அமைப்பைக் கற்றுவரவில்லை. இங்கிருந்து எடுத்துச் சென்றார்கள் என்பதே என் எண்ணம்.

இனி என் நண்பர்களான இலக்கியவாதிகளின் மறுப்புகளுக்கு வருகிறேன்.

முதல் மறுப்பு: எண்ணினால் சாதி வளரும். 1931க்குப் பின் எண்பது ஆண்டுகள் எண்ணவில்லை. சாதி வாடிவிட்டதா? 2011இல் சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கு என்று ஒன்றை எடுத்தார்கள். 1931இல் 4,147 ஆக இருந்த சாதிப் பெயர்கள், மக்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதியதால் 46 லட்சத்துக்கும் மேல் போயின என்று சொல்லி, சாதி விவரங்களை வெளியிடாமலே விட்டார்கள். எண்ணத் தெரியாமல் எண்ணியதற்குத் தண்டனை உண்மைக்கா? பீகார் அரசு 2023இல் தன் கணக்கை வெளியிட்டது. வானம் இடிந்து விழவில்லை.

இரண்டாம் மறுப்பு கனமானது. கணக்கு ஆயுதமாகும் என்பது. ஆகும். 1942இல் அமெரிக்காவில் சப்பானிய மரபினரைப் பிடித்து முகாம்களில் அடைக்க, அவர்கள் எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் என்ற மக்கள்தொகைக் கணக்கே உதவியது. ரங்கூனைப் பற்றி மேலேயே சொன்னேன். ஆனால் எண் ஆயுதமாவது, அது ஒரு தரப்பின் கையில் மட்டும் இருக்கும்போது. சாதிச் சங்கத் தலைவரின் மேடையில், தேர்தல் முகவரின் மடியில், கோயில் மரியாதைப் பட்டியலில் இன்றும் கணக்கு இருக்கத்தான் செய்கிறது. எந்த வார்டில் எந்தச் சாதி வேட்பாளர் என்று ஒவ்வொரு கட்சியும் துல்லியமாக முடிவு செய்கிறது. அறியாதவர்கள் என்று யாரும் இல்லை. கேட்க உரிமையற்றவர்கள்தாம் இருக்கிறார்கள். தனிமனிதர் தரும் விவரத்தை வெளியிடக் கூடாது என்று 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் சொல்கிறது. அந்தக் காப்பை இன்னும் இறுக்குங்கள். மொத்தத்தை மறைக்காதீர்கள்.

மூன்றாம் மறுப்பு நம்முடையது: இலக்கியத்துக்கு எதற்கு இந்தக் கணக்கு? மனிதனை மனிதனாகப் பார்ப்பதல்லவா எழுத்து? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாம் எழுதிக் குவித்த செட்டிநாட்டுக் கதைகளை எண்ணிப் பாருங்கள். ஆச்சியின் வைரத்தோடு, பூட்டிய வீட்டின் இருட்டு, பர்மாவிலிருந்து வந்த கடிதம், பரணில் ஏறிய பித்தளை அண்டா. அந்த அண்டாவைத் துலக்கியவள் கதையில் வரும்போது ‘வேலைக்காரி’ என்று வருவாள். அவளுக்கு ஊர் இராது, தெரு இராது. சிங்கம்புணரியில் பிறந்து மேடானில் பிழைத்த ப. சிங்காரம், ‘புயலிலே ஒரு தோணி’யில் சின்னமங்கலத்தை நினைவுகூரும்போது கடைவீதியின் சந்தடியையும் பலவகை மனிதர்களையும் சேர்த்தே நினைக்கிறார். அந்த நாவல் 1972இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு நாம் ஏன் மறுபடி மாளிகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம்? மனிதனை மனிதனாகப் பார்ப்பது என்றால், இருப்பவனை முதலில் பார்க்க வேண்டும். ‘யாருமில்லாத தெரு’ என்று எழுதும் எழுத்தாளன் அந்தக் காவலாளியின் வாயில் இருந்த சொல்லைத் தான் எழுதுகிறான். அவரைப் பார்த்து எழுதவில்லை.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. நகரத்தாரைக் குறைத்துக் காட்டுவது என் நோக்கமன்று. அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் 1948இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். என் தந்தை படித்தது அழகப்பர் தொடங்கிய கல்லூரியில். கம்பனுக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கும் கம்பன் கழகத்தை 1939இல் காரைக்குடியில் தொடங்கியவர் சா. கணேசன். அந்தக் கொடையும் தமிழும் எங்களுக்கும் வந்து சேர்ந்தன. நன்றி உண்டு. நன்றி என்பது ஊரின் பெயரையே எழுதிக் கொடுத்துவிடுவதா? மேலும், செட்டிநாடு என்ற பெயர் நகரத்தாருக்கே நியாயம் செய்யவில்லை. அவர்களில் கடன்பட்டவர்கள், வீட்டின் தூண்களைப் பழைய சாமான் கடைக்கு விற்றுப் பிழைத்தவர்கள், ஒரே வீட்டுக்கு நாற்பது பங்காளிகள் இருப்பதால் ஓட்டைக்கூட மாற்ற முடியாதவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கும் யாரிடமும் இல்லை. சுற்றுலாப் படத்தில் எல்லோரும் ராஜாக்கள்.

2025 ஏப்ரல் 30 அன்று, வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று மத்திய அமைச்சரவையின் அரசியல் விவகாரக் குழு முடிவெடுத்தது. 2027 மார்ச் 1 அதற்குக் குறிப்பு நாள் என்று அடுத்த சூன் மாதத்தில் அறிவிக்கை வந்தது. தொண்ணூற்றாறு ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கும் வாய்ப்பு. இதிலும் நமக்கு ஒரு வஞ்சனை காத்திருக்கக்கூடும். மாநில அளவில் இன்ன பிரிவு இத்தனை விழுக்காடு என்று நாலு எண்களை அறிவித்து, இட ஒதுக்கீட்டுச் சண்டைக்கு விட்டுவிட்டு, ஏட்டை மூடிவிடலாம். அது போதாது. காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை, மானாமதுரை என்று ஒவ்வொரு நகருக்கும், ஒவ்வொரு ஊராட்சிக்கும் விவரம் வெளியாக வேண்டும். எத்தனை பேர் என்பதோடு, எத்தகைய வீடு, எங்கிருந்து தண்ணீர், சொந்த நிலம் உண்டா, பூட்டிய வீடு எத்தனை என்பதையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் உணவகங்களில் தட்டுக் கழுவுபவர்களும் அதில் இருக்க வேண்டும். என் தாத்தா ரங்கூனில் இருந்ததைப் போல.

இதைக் கேட்க வேண்டியவர்கள் சங்கத் தலைவர்கள் மட்டும் அல்லர். அவர்கள் தம் எண் கூடினால் போதும் என்பார்கள். எழுதுபவர்களும் வாசிப்பவர்களும் கேட்க வேண்டும், எல்லோருடைய எண்ணும் வேண்டும் என்று. நாம் கேட்காவிட்டால் செட்டிநாடு இன்னொரு நூறாண்டுக்குச் சமையல் குறிப்பாகவும் கட்டடக்கலையாகவும் இருந்துவிட்டுப் போகும்.

புறப்படும்போது அந்தப் பெரியவரிடம் சொன்னேன். “தெருவுல யாருமில்லைன்னு சொன்னீகளே, நீங்க அஞ்சு பேரு இருக்கீகளே?” அவர் சிரித்தார். “நாங்க இருக்கோம் தம்பி. எங்களயெல்லாமா கணக்குல சேப்பாக?”

சேர்க்க வேண்டும் ஐயா. கணக்கெடுப்பவர் வாசலுக்கு வரும்போது, வீட்டில் யாருமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.